ஆண்டறிக்கை 2024–25: மனு வாத்தியார் இல்லாத முதல் ஆண்டு

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, அன்பியப் பொறுப்பாளர்களே, தூய வின்சென்ட் தே பவுல் சபையின் நம் பங்குக் கிளையைச் சேர்ந்த சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள ஆண்டின் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயலரின் அறிக்கை கூட்டங்களின் எண்ணிக்கையில் தொடங்கி நன்றியில் முடிவதே நம் வழக்கம். இந்த ஆண்டு நிர்வாகக் குழு கேட்டுக்கொண்டபடி, 2024 மே மாதம் இறைவனடி சேர்ந்த நம் முன்னாள் தலைவரின் பணிகளையே அறிக்கையின் பெரும்பகுதியாக எழுதியுள்ளேன். தம் பெயரைக் கல்வெட்டிலோ நோட்டீசிலோ போடக் கூடாது என்று அவர் சொல்லிவைத்திருந்ததைக் குடும்பத்தார் நினைவூட்டியதால், ஊருக்கெல்லாம் மனு எழுதிக்கொடுத்ததால் ஊரார் அழைத்தபடி மனு வாத்தியார் என்றே இங்குக் குறிப்பிடுகிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வாத்தியார் 1942-இல் பிறந்தவர். பீடச் சிறுவனாக லத்தீனில் பதிலுரை சொல்லப் பழகி, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் தமிழில் திருப்பலி வந்ததைக் கண்டவர். அவர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது நம் அரூர்ப் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 1997 ஜனவரியில் சேலம் மறைமாவட்டத்திலிருந்து தருமபுரி மறைமாவட்டமும் பிரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று, நம் சபையை 1833-இல் பாரிஸில் நண்பர்களுடன் தொடங்கிய பிரெடெரிக் ஓசானாமுக்குத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அருளாளர் பட்டம் அளித்தார். ஓசானாம் குருவானவர் அல்லர், மனைவியும் மகளும் உள்ள குடும்பஸ்தர், கல்லூரியில் பாடம் நடத்திய வாத்தியார் என்பதைப் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் இவர் விரிவாகச் சொல்வார். சாமியார்கள் செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அதுவே அவருடைய பதிலாக இருந்தது.

2000-இல் பணி ஓய்வு பெற்ற பிறகே அவர் நம் கிளையின் தலைவரானார். அதுவரை நம் சபை செய்துவந்தது எளிய பணிதான். மாதம் ஒருமுறை ஏழைக் குடும்பங்களின் இல்லம் சந்தித்து அரிசியும் பருப்பும் கொடுப்போம், ஜெபமாலை சொல்வோம், திரும்பி வருவோம். குடும்ப ஏட்டில் பெயர், உறுப்பினர் எண்ணிக்கை, கொடுத்த பொருள் என மூன்று கட்டங்கள் இருந்தன. வாத்தியார் நான்காவதாக ஒரு கட்டம் கோடு போட்டுச் சேர்த்தார். இந்தக் குடும்பத்துக்கு அரசிடமிருந்து எது வர வேண்டும், அது ஏன் வரவில்லை என்பதை அதில் எழுத வேண்டும். ஒரே குடும்பம் பத்து ஆண்டுகளாக நம் ஏட்டில் இருந்தால் அது அவர்களுடைய வறுமைக்கு மட்டுமல்ல, நம் சோம்பலுக்கும் சாட்சி என்று அவர் சொன்னபோது, மூத்த உறுப்பினர் சிலர் முகம் சுளித்தனர். ஏட்டிலிருந்து எத்தனை குடும்பம் வெளியேறியது என்பதையே அவர் அந்த ஆண்டின் பலனாகக் கணக்கிட்டார். அந்தக் கட்டத்தை இன்றும் நாம் நிரப்பிவருகிறோம். நம் கிளைக்கு அவர் விட்டுச்சென்றவற்றில் அதையே நான் முதலாவதாகக் கருதுகிறேன்.

திங்கட்கிழமைகளில் காலைத் திருப்பலி முடிந்த கையோடு அரூரிலிருந்து தருமபுரிக்குப் பஸ் ஏறுவார். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும் இடத்தில், வேப்பமரத்து நிழலில் துண்டை விரித்து உட்காருவார். மஞ்சள் பையில் வெள்ளைத் தாள், கார்பன் தாள், கைநாட்டுக்கான மைப்பெட்டி, குண்டூசி ஆகியவை இருக்கும். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, ரேஷன் அட்டையில் விடுபட்ட பெயர் என எதற்கும் அவர் கைப்பட எழுதிய மனுவில் வீண் வார்த்தை இராது. "கருணை கூர்ந்து" என்று எழுதச் சொன்னால் மறுத்துவிட்டு, எந்த அரசாணைப்படி இவருக்கு இது உரியது என்று எழுதுவார். தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டார். அதைக் கார்பன் நகலோடு குண்டூசி குத்தி, மனுதாரர் கையில் கொடுத்து, பெட்டியில் பத்திரமாக வைக்கச் சொல்வார். பின்னர் தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தபோது அந்தச் சீட்டுகளெல்லாம் உயிர் பெற்றன. இந்த மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்க ஒரு வழி கிடைத்துவிட்டதே என்று அவர் மகிழ்ந்ததை நம்மில் பலர் நேரில் கண்டிருக்கிறோம். நூறு நாள் வேலைத் திட்டம் 2008 ஏப்ரலில் நம் மாவட்டத்துக்கு வந்தபோதும் இதே பிடிவாதம்தான். வேலை கேட்ட தேதிக்குச் சீட்டு இருந்தால்தான், 15 நாளில் வேலை தராதபோது வேலையின்மைப் படி கேட்க முடியும் என்பதை அவர் களத்துமேட்டிலேயே கூட்டம் கூட்டி விளக்கினார்.

தண்ணீர்ப் பிரச்சினையை அவர் கையில் எடுத்தது பள்ளியில் இருந்தபோதே. குழுப் படம் எடுக்கும் நாளில் பெண் குழந்தைகள் சிலர் வாயை மூடிக்கொண்டே நிற்பதைக் கவனித்து, பல்லில் பழுப்புக் கறை இருப்பதால் வெட்கப்படுகிறார்கள் என்று அறிந்தார். எந்தப் பிள்ளை எந்த அடிபம்பில் தண்ணீர் குடிக்கிறது என்று வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தார். கறையுள்ள பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டே பம்புகளைச் சேர்ந்தவர்கள் என்பது தெரிந்ததும், அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் குடிக்க ஆகாது; நம் பகுதியின் கரும்பாறைக்கு அடியில் ஊறும் நீரில் அது பல இடங்களில் கூடுதல். பல்லோடு நில்லாமல் வயதானவர்களின் முட்டியும் முதுகும் வளைவதற்கும் அதுவே காரணம். அதுவரை ஊரில் அதைத் தலைவிதி என்றும் வாதம் என்றும் சொல்லிவந்தனர். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது என்பதை வீடு வீடாகச் சென்று சொன்னவர் அவர்தான். அந்த இரண்டு பம்புகளுக்கும் சிவப்பு வண்ணம் அடிக்கச் சொல்லி அவர் கொடுத்த மனுக்களின் நகல்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்காக மாவட்டமே பல ஆண்டுகள் குரல் கொடுத்தது. அதில் அவரும் ஒருவர், அவ்வளவே. ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டப்பட்ட அந்தத் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டு, காவிரி நீர் நம் தெருக் குழாயில் வந்த பிறகும் அவர் ஓயவில்லை. குழாயில் தண்ணீர் நின்றுபோகும் நாள்களில் மக்கள் பழைய பம்புக்கே போகிறார்களா என்று பார்க்க, எழுபது வயதுக்கு மேலும் சைக்கிளில் சுற்றிவந்தார்.

செங்கல் சூளைகளிலும் கல் குவாரிகளிலும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சிக்கியவர்களை மீட்பதில் அவருக்கு இருந்த அக்கறையையும் குறிப்பிட வேண்டும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்தது. அதன்படி அந்த முன்பணக் கடன் செல்லாது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. மீட்டு அழைத்துவருவதோடு வேலை முடிந்ததாக அவர் ஒருபோதும் நினைக்கவில்லை. விடுதலைச் சான்று கையில் இல்லாவிட்டால் மறுவாழ்வுத் தொகை கிடைக்காது, அந்தத் தொகை இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் அதே குடும்பம் வேறொரு சூளையில் இருக்கும் என்பார். எனவே சான்று வரும்வரை கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடப்பார். மீண்டு வந்த பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கத் தாமே கூடப்போவார்.

வாச்சாத்தி வழக்கில் அவர் முன்னின்றவர் அல்லர். 1992 ஜூனில் நம் அரூர் வட்டத்தின் வாச்சாத்தி கிராமத்தில் வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த்துறையினரும் புகுந்து நடத்திய அந்தக் கொடுமைக்கு நியாயம் கேட்டுப் போராடியவர்கள் அந்த மலையடிவார மக்களும், அவர்களோடு நின்ற பழங்குடி மக்கள் சங்கமும் செங்கொடிக்காரர்களும்தான். வாத்தியார் செய்தது, அவர்கள் நடத்திய கூட்டங்களுக்குத் தவறாமல் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்ததுதான். கோவிலுக்குப் போகிறவர் அங்கே எதற்கு என்று பங்கில் கேட்டவர்கள் உண்டு. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டோரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தபோது வெளியே திரண்டிருந்த கூட்டத்தில் அவரும் நின்றார். 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்த செய்தியைப் படுக்கையில் இருந்தபடி பேரன் படிக்கக் கேட்டார்.

அடுத்து வருவதை எழுதாமல் விட்டால் இவ்வறிக்கை நேர்மையானதாக இராது. நம் பங்கிலேயே ஒரு காலத்தில் அடக்கத்துக்கு இரண்டு தூம்பாக்கள், அதாவது இறந்தவரைக் கல்லறைக்குத் தூக்கிச்செல்லும் பொதுப் பெட்டிகள், இருந்தன. காலனித் தெருவுக்கு ஒன்று, மற்றத் தெருக்களுக்கு ஒன்று. கல்லறைத் தோட்டத்துக்கும் இரண்டு வாசல்கள். இதை முதலில் எதிர்த்துக் கேட்டவர் மேல்தெருக்காரரான வாத்தியார். அவர் கேட்டது பொதுக்கூட்டத்தில் அல்ல. தம் சொந்தத் தாயார் இறந்தபோது, காலனித் தெருத் தூம்பாவைக் கொண்டுவரச் சொல்லி அதிலேயே அடக்கம் செய்தார். உறவினர் பலர் அன்று அடக்கத் திருப்பலிக்கு வந்துவிட்டுக் கல்லறைக்கு வரவில்லை. இரண்டு ஆண்டு அவர் வீட்டு விசேஷங்களுக்கும் யாரும் போகவில்லை. இன்று ஒரே வாசல், ஒரே தூம்பா. இது தானாக மாறியது என்று இளைஞர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைப் பதிவுசெய்கிறேன். ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியினர் சலுகைக்கு வெளியே நிறுத்திய 1950 குடியரசுத் தலைவர் ஆணையை எதிர்த்து ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக் கொடி ஏற்றும்போதெல்லாம், சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் திருத்திய ஆணையை நமக்கும் திருத்துங்கள் என்று டெல்லிக்குக் கேட்கும் நாம், நம் கல்லறை வாசலைத் திருத்த யாரைக் கேட்டோம் என்று அவர் நினைவூட்டுவார். அது எல்லோருக்கும் பிடித்த பேச்சாக இருந்ததில்லை.

இத்தனை வேலைக்கும் நடுவில் அவருடைய பக்தி ஆரவாரமற்றது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ராகிக் களி ஒருவேளை மட்டும். பசித்தவருக்கு உணவு கொடுத்தீர்களா என்று இறுதித் தீர்ப்பைப் பேசும் மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தை மறையுரையில் கேட்கும் நாள்களில் மட்டும், வெளியே வந்தவுடன் யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார். ஏன் என்று கேட்டதற்கு அவர் விளக்கம் ஏதும் சொன்னதில்லை.

இனி இவ்வாண்டுப் பணிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூலை 11 அன்று நம் மாவட்டத்தின் பாளையம்புதூரில் தொடங்கிய ஊரகப் பகுதிகளுக்கான "மக்களுடன் முதல்வர்" முகாம்கள் அடுத்தடுத்து நடந்தபோது, நம் உறுப்பினர்கள் விண்ணப்பம் எழுதிக்கொடுக்க உட்கார்ந்தனர். 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கே அதிகம் பேர் வந்தனர். டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. அரூர்ப் பக்கமும் ஏரிகள் நிரம்பி வழிந்தன. சுவர் இடிந்த வீடுகளுக்கு நாம் பாயும் போர்வையும் அரிசியும் கொடுத்தோம். இழப்பீட்டுக்குப் படம் எடுத்து மனு எழுதும் வேலையை இளைஞர் அணி ஏற்றது. நவம்பர் இறுதியிலிருந்து நூறு நாள் வேலைக் கூலி பல மாதங்கள் நிலுவையில் நின்றதால், ஏட்டிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் சில மீண்டும் நம்மிடம் வந்தன. இதை நம் தோல்வியாகக் கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து.

திங்கட்கிழமை வேலை மே மாதத்துக்குப் பின் இரண்டு மாதம் நின்றுபோனதையும் சொல்ல வேண்டும். ஒருவரையே நம்பி ஒரு பணியை விட்டுவைத்தது சபை முழுவதற்கும் உரிய குறை. ஆகஸ்ட் முதல் இரண்டிரண்டு பேராக முறைவைத்துப் போகிறோம். கார்பன் தாளுக்குப் பதில் இப்போது கைப்பேசியில் படம். ஒப்புகைச் சீட்டு மட்டும் மாறவில்லை. பெண் உறுப்பினர்கள் இருவர் இதில் மிகவும் தேர்ந்துவிட்டனர். வாத்தியாரைப் போல் அல்லாமல் இவர்கள் அலுவலர்களிடம் சிரித்துப் பேசுவதால் வேலை சற்று விரைவாகவே நடக்கிறது.

அவர் நினைவாகச் சிலை, வளைவு எதுவும் வேண்டாம் என்று நிர்வாகக் குழு முடிவுசெய்துள்ளது. மாறாக, அவருடைய மனு நகல்களைத் தேதிவாரியாக அடுக்கி அட்டைபோட்டுப் பங்கு அலுவலகத்தில் வைக்கவும், பழைய இரண்டு அடிபம்புகளின் நீரை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கும் செலவைக் கூட்டத்தின் முடிவில் சுற்றிவரும் பையில் சேரும் காணிக்கையிலிருந்து ஏற்கவும் இரு தீர்மானங்கள் இன்று உங்கள் முன் வருகின்றன. திங்கட்கிழமை முறைக்கு இன்னும் நான்கு பேர் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலரிடம் பதிவுசெய்யலாம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலர்