ரைஸ் குக்கரைத் தேடும் முன் பிளக் பாயிண்டைப் பாருங்கள்: விடுதி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய விடுதி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஒயரிங் வேலை செய்பவர்களும், பிள்ளைகளை விடுதியில் விட்டிருக்கும் தோட்டத்துப் பெற்றோரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

சூடாக்கும் சாமான் எதுவும் அறையில் கூடாது, பிடிபட்டால் பறிமுதல் என்பது உங்கள் விதி. தீ பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இந்தத் தடையால் சமையல் நின்றுவிடவில்லை, ஒளிந்துகொண்டது. சூடு ஆறாத குக்கர் துணி அலமாரிக்குள் போகிறது. எக்ஸ்டென்ஷன் ஒயர் மெத்தைக்கடியில் ஓடுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். நம் மலேசியாவின் 13 ஆம்ப்பியர் பிளக், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3,000 வாட் தாங்கும். 0.6 லிட்டர் ரைஸ் குக்கர் இழுப்பது 300 வாட் அளவுதான். கெட்டில் 2,000 வாட் வரை போகும், இண்டக்‌ஷன் அடுப்பும் அப்படியே. இந்த இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டால் 17 ஆம்ப்பியருக்கு மேல் ஓடும். ஃபியூஸ் உடனே போய்விடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். போகாது; 13 ஆம்ப்பியர் ஃபியூஸ் அந்தச் சுமையை நெடுநேரம் தாங்கும். சுமை கூடினால் தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச்சான எம்சிபியும், 20 ஆம்ப்பியர் என்றால் விழாது. அத்தனை நேரமும் வெந்துகொண்டிருப்பது ஒயர். பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் சிலவற்றில் 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர்தான் இருக்கும், அது 6 ஆம்ப்பியருக்குத்தான் ஆகும். குறைந்தது 1.25 வேண்டும். ஒயரின் மேல்தோலிலேயே அளவு அச்சிட்டிருக்கும், தரச் சோதனைக்கான சிரிம் முத்திரையும் இருக்க வேண்டும். மிச்ச ஒயரைச் சுருட்டிக் கட்டி வைத்தால் சூடு வெளியேற வழியே இல்லை.

இதைவிட அதிகமாகக் கண்ணில் படுவது இன்னொன்று. இரண்டு முள் பிளக்கை ஏற்றுவதற்காகப் பாயிண்டின் மேல் துளையில் பேனா மூடியை விட்டு உள் தடுப்பைத் திறக்கிறார்கள். உருண்டை முள் கீழ்த் துளைகளில் பிடிப்பில்லாமல் ஆடும். ஆடும் இடத்தில் பொறி, பொறியால் கரி, கரியால் இன்னும் சூடு. பாயிண்டின் முகம் மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகும். மீன் கவிச்சி மாதிரி ஒரு நாற்றம் வரும். அப்படிப்பட்ட பாயிண்டை அன்றைக்கே கழற்றி மாற்ற வேண்டும். வார்டன் அறைச் சோதனைக்கு வரும்போது முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

கரண்டு பில் ஏறிவிடும் என்கிறீர்கள். 300 வாட் குக்கர் தினம் இரண்டு முறை, முறைக்கு அரை மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 9 யூனிட். யூனிட் 50 காசு என்று வைத்தாலும் 4.50 ரிங்கிட். நீங்கள் தடுக்காத 65 வாட் மடிக்கணினி, நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 12 யூனிட்டை நெருங்கிவிடும்.

சாப்பாட்டுக் கணக்கு எங்களுக்குப் பெரிது. பகாவ் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் கடைசி வகுப்பு முடிந்து பிள்ளைகள் திரும்புவதற்குள் கென்டீனில் சட்டி கழுவியாகிவிடும். வெளியே சோறும் ஒரு கறியும் 8 ரிங்கிட். கட்டுப்பாட்டு விலையில் உள்நாட்டு அரிசி 10 கிலோ 26 ரிங்கிட். அந்தக் கணக்கில் ஒரு கப் அரிசிக்கு 40 காசு. முட்டையும் கொஞ்சம் கீரையும் சேர்த்தாலும் 3 ரிங்கிட் தாண்டாது. நாளுக்கு ஒரு வேளை மிச்சம் பிடித்தால் மாதம் 150 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் குடும்பம் நடத்தும் வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை.

நாங்கள் கேட்பது மாடிக்கு ஒரு சமையல் மூலை. இரண்டு பாயிண்டுக்கு ஒரு 20 ஆம்ப்பியர் எம்சிபி, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து, கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப்பியர் ஆர்சிசிபி. அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். விழவில்லையென்றால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். பாயிண்டுகள் தண்ணீர்க் குழாயை விட்டுத் தள்ளி இருக்கட்டும். புகை உணர்கருவி வைத்தால் சாம்பார் கொதிக்கும்போதெல்லாம் அலறும், நாலாம் நாள் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். வெப்ப உணர்கருவி வையுங்கள். ஒரு தீப்போர்வையும் கைக்கெட்டும் இடத்தில் தொங்க வேண்டும். பொரியல், வறுவல் வேண்டாம், எண்ணெய்ச் சட்டிக்குத் தடை போடுங்கள். அதை நாங்களே ஆதரிக்கிறோம்.

மூலை தயாராகும் வரை 400 வாட்டுக்கு உட்பட்ட குக்கரை அறையில் அனுமதியுங்கள். மூன்று முள் பிளக், சிரிம் முத்திரை, எக்ஸ்டென்ஷன் இல்லாமல் நேராகச் சுவர்ப் பாயிண்டில் என்ற மூன்று நிபந்தனை போதும். சோதித்து ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுங்கள்.

மாடிக்கு வரும் மெயின் இந்தச் சுமையைத் தாங்குமா என்பதை முதலில் அளந்து பார்க்க வேண்டும். செமஸ்டர் விடுமுறையில், மாடிக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிபி பெட்டியைத் திறந்து காட்டுங்கள். எங்களில் உரிமம் உள்ள வயர்மேன்கள் கூலி வாங்காமல் வந்து பார்த்துக் கணக்கை எழுதித் தருவார்கள்.

இப்படிக்கு,
பெற்றோரும் வயர்மேன்களும்