ஆட்டம் நின்ற பிறகு

மகன்,

உன் வலிப்பைப் பற்றிப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இரண்டு தடவை வாசி. பிறகு உன் அறையில் இருக்கும் பொடியனிடமும் கொடு.

வலிப்பு உள்ள பெரியவர்கள் 1000 பேரில் வருடத்துக்கு ஒருவர் அளவில் திடீரென்று இறந்துபோகிறார்கள். அனேகமாக இரவு நித்திரையில், குப்புறக் கிடந்தபடி, பக்கத்தில் ஆளில்லாத நேரத்தில். வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் சின்ன வலிப்பில் இந்த ஆபத்து குறைவு. கைகால் வெட்டி இழுக்கிற பெரிய வலிப்புக்குத்தான் பயப்பட வேண்டும். அது வருடத்துக்கு மூன்று தடவையோ அதற்கு மேலோ வந்தால், அப்படி வராதவரைவிட ஆபத்து சுமார் 15 மடங்கு.

உயிர் போவது பெரும்பாலும் ஆட்டம் நின்ற பிறகு. மூளை களைத்து அடங்கிப்போகிறது, மூச்சை ஓட்டுகிற மூளைத்தண்டும் சேர்ந்து அடங்குகிறது. முகம் தலையணையில் புதைந்திருந்தால் முகத்தைத் திருப்பவும் உணர்வு இராது. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் இருக்கும்போதே நடந்த மரணங்களை ஆராய்ந்து 2013இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் மூச்சு முதலில் நின்றது, இதயம் பிறகுதான். மூச்சு நின்றது வலிப்பு முடிந்து 11 நிமிடத்துக்குள். ஆகவே "அடங்கிட்டான், படுக்கட்டும்" என்று லைட்டை நிறுத்திவிட்டுப் போகிற அந்த நேரம்தான் பொல்லாதது.

அந்தப் பொடியன் செய்ய வேண்டியது: தொடங்கியதும் போனில் நேரத்தைப் பார்க்கட்டும். வாய்க்குள் கரண்டியும் வேண்டாம், விரலும் வேண்டாம். இரும்புச் சாவி தேடி ஓட வேண்டாம், நம்மூரில் அதற்கு ஓடியே நேரம் போகிறது. ஆட்டம் நின்றதும் உன்னை ஒருக்களித்துப் போட்டு, தலையணையை இழுத்து எறிந்து, பெயர் சொல்லித் தோளைத் தட்டி, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கட்டும். நீ தெளிந்து பேசும்வரை அவன் உன் பக்கத்தை விட்டு எழும்பக் கூடாது. 5 நிமிடம் தாண்டியும் ஆட்டம் நிற்காவிட்டால் 1990 அம்புலன்சுக்கு எடுக்கட்டும். மூச்சே இல்லையென்றால் 1990க்கு எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, உன்னை நிமிர்த்திப் போட்டு நெஞ்சின் நடுவை 5 சென்றிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 தடவைக்குக் குறையாமல் அழுத்தட்டும்.

உன் பங்கு குளிசைதான். ஒரு வேளை மறந்தால், நினைவு வந்ததும் போடு. அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் போடு, இரட்டிப்பாகப் போடாதே. ஆறு மாதம் வரவில்லை என்று நீயாக நிறுத்தாதே. மல்லாந்தோ ஒருக்களித்தோ படுக்கப் பழகு.

மட்டக்களப்பு மாமாங்கத் திருவிழாவுக்கு வரும்போது இரவு பஸ் வேண்டாம். நித்திரை முழித்தால் வலிப்பு வரக்கூடும். குளிசையைப் பெரிய பேக்கில் போடாதே, கைப்பையில் வை. தீர்த்தத்தில் இறங்கி முழுகாதே மகன், படிக்கட்டில் இருந்துகொள், தம்பி செம்பில் அள்ளி ஊற்றுவான்.

அப்பா