கோத்தகிரியில் இருக்கும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

உடல் எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து மலையேறி வந்த மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். பேர் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

ராத்திரி நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயிற்றில் துளை போட்ட மற்ற நாலு காயமும் உலர்ந்துவிட்டன. தொப்புளுக்கு வலப்பக்கம் இருப்பது மட்டும் ஓரம் கன்றி, காயத்தை ஒட்டியிருந்த பசை உரிந்து, லேசாகக் கசிகிறது. ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி, ஏதாவது ஒரு துளை வழியாகத்தானே வெளியே இழுக்க வேண்டும்? அந்தத் துளையைக் கொஞ்சம் அகலப்படுத்துவார்கள். அதனால் அங்கே வலியும் அதிகம், ஆற நாளும் அதிகம். கசிவு தண்ணீர் மாதிரியோ இளஞ்சிவப்பாகவோ, துணியில் பொட்டளவு பட்டால் பயமில்லை. தோலுக்கடியில் கெட்டியாகத் தட்டுப்படுவது போகப் போக இளகும். சுற்றியுள்ள மஞ்சள் நிறம் ரத்தக்கட்டு கரைவது.

சீழ், நாற்றம், சூடு, பரவுகிற சிவப்பு, இதில் எது வந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடு. சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வை, மறுநாள் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அம்மாவிடம் சொல்லிவிடு: காயத்தில் தைலமும் வேண்டாம், மஞ்சள் பத்தும் வேண்டாம். இந்த மழையில் உங்கள் ஊரில் துணி எங்கே காய்கிறது? அரை ஈர பனியன், அதற்கு மேல் ஸ்வெட்டர் என்று போட்டால் புண் வெந்துபோகும். இஸ்திரி போட்டு உலர்த்திப் போடு. பேண்ட் இடுப்பு சரியாக அந்த இடத்தில்தான் உரசும், லுங்கி போதும்.

ஆனால் நீ ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருப்பது தோலை. வார்டில் வேலை பார்த்தவளுக்குப் பயமெல்லாம் உள்ளே, இரைப்பை நெடுக ஸ்டேப்ளர் பின் அடித்த தையலில்தான். அது கசிந்தாலும் வெளிக்காயம் அழகாகவே இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிஷத்துக்கு 120ஐத் தாண்டி நிற்பது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மூச்சு வாங்குவது, புதிதாக இடது தோள் வலிப்பது, இவைதான் அதன் அறிகுறி. முதல் சில நாள் தோள் வலித்ததே, அது ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஊதிய காற்றால் வந்தது. நடக்க நடக்கக் குறைந்திருக்கும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலும் சும்மா விடாதே, ரத்தம் உறைந்திருக்கலாம்.

காய்ச்சலைத் தெர்மாமீட்டரில்தான் பார்க்க வேண்டும். தோட்டத்திலிருந்து வந்த குளிர்ந்த கையை வைத்தால் வீட்டில் எல்லார் நெற்றியும் சுடும். குளிரில் தாகமும் தெரியாது. கேட்காவிட்டாலும் மடக்கு மடக்காக ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போகட்டும். புண் ஆறப் புரதம் வேண்டும், குறைந்தது 60 கிராம். பருப்புத் தண்ணியில் பருப்பு எங்கே இருக்கிறது? டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த பவுடரைக் குடி.

இன்னொன்று. கோயம்புத்தூரில் இருப்பவன் 'விடியட்டும் பார்க்கலாம்' என்று இருந்தாலும் நடு ராத்திரியில் ஒரு ஆட்டோ பிடித்துவிடலாம். உனக்கு மேட்டுப்பாளையம் வரைக்குமே முப்பது சொச்சம் கிலோமீட்டர் மலைப்பாதை. மூடுபனி, மழை பெய்தால் மண்சரிவு, நடுவில் யானை. அதனால் மதியம் சந்தேகம் வந்தால் மதியமே டாக்டருக்குப் போன் போடு, இறங்கச் சொன்னால் வெளிச்சத்திலேயே இறங்கு. மூச்சு முட்டினாலோ தலை சுற்றி விழுந்தாலோ அவரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

ரிவ்யூவுக்கு வரும்போது சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் சின்னத் தலையணை வைத்துக்கொள், வளைவில் குலுக்கல் தெரியாது. கேஸ் சிலிண்டரைத் தொட்டாய் என்று கேள்விப்பட்டால் நானே மலையேறி வருவேன்.

இதைப் படித்ததும் ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ணி எனக்கு மெசேஜ் போடு. போட்டோ வேண்டாம்.

அன்புடன்,
அக்கா