ஊருக்குப் போறப்ப கடல்மீன் தொட்டிய என்ன பண்றது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல மேஜை மேல வைக்கிற குட்டி கடல்மீன் தொட்டி பத்தி போட்டிருந்தீங்க, படம் அழகா இருந்துச்சு, ஆனா நடுவுல 'பராமரிப்பே வேணாம், வாரக்கணக்குல அப்படியே விட்டுட்டுப் போகலாம்'னு ஒரு வரி வருது பாருங்க, அத படிச்சதுல இருந்து மனசு கேக்கல. பொங்கல் லீவு வருது, அத நம்பி எத்தன பேர் ஒரு கண்ணாடி பௌல வாங்கி வச்சிட்டு ஊருக்கு பஸ் ஏறுவாங்களோ. நான் பெரம்பூர்ல ஒரு ஃப்ளாட்ல 9 வருஷமா கடல் தொட்டி வச்சிருக்கேன். நாலஞ்சு நாள் தைரியமா பூட்டிட்டுப் போகலாம், அது உண்மைதான். ஆனா தொட்டி சின்னதாக ஆக ஆபத்து கூடுதே தவிர குறையறதில்ல, கடையில இத யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.

தண்ணி வத்துறத எடுத்துக்கோங்க. நல்ல தண்ணி தொட்டில வத்துனா மட்டம் எறங்கும், அவ்ளோதான். கடல் தொட்டில தண்ணி மட்டும்தான் ஆவியா போகும், உப்பு அப்படியே உள்ள நிக்கும். கடல் தண்ணில உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. 20 லிட்டர் பௌல்ல ஒரு நாளைக்கு அரை லிட்டர் வத்துனா அஞ்சு நாள்ல அது 40க்கு ஏறிடும், இதுவே 60 லிட்டர் புடிக்கிற ரெண்டடி தொட்டில நாளைக்கு முக்கா லிட்டர் போனாக்கூட 37 சொச்சம்தான் வரும், மீன் தாங்கிக்கும். அதனால லீவுக்கு பூட்டிட்டுப் போற ஆசை இருந்தா ரெண்டடிக்கு கீழ போகாதீங்கன்னுதான் கேக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்றேன்.

வத்துற தண்ணிய தானா நிரப்ப மொட்ட மாடி டேங்க்ல இருக்கிற ஃப்ளோட் வால்வுதான், அதோட குட்டி சைஸ் கிடைக்குது, தொட்டிக்கு மேல ஒரு கேன்ல உப்பு போடாத ஆர்ஓ தண்ணி வச்சு ட்யூப்ல எறக்கி விட்டா போதும். இதுல ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். வால்வு எப்பவாச்சும் ஒரு நாள் மாட்டிக்கும், உப்பு படிஞ்சு மாட்டும், இல்லன்னா நத்தை ஏறி உக்காந்துக்கும். 20 லிட்டர் கேன் வச்சிருந்தீங்கன்னா மொத்தமும் உள்ள எறங்கி வீடு பூரா தண்ணி, தொட்டில உப்பும் பாதாளத்துக்கு போயிடும். 60 லிட்டர் தொட்டிக்கு 5 லிட்டர் கேன் வச்சு, மேல அந்த 5 லிட்டருக்கு இடமும் விட்டு வச்சிருந்தா, முழுசா கொட்டினாக்கூட உப்பு 32 கிட்டதான் வரும், மீனுக்கு ஒண்ணும் ஆகாது. அதனால எத்தன நாள் போறோமோ அதுக்கு மட்டும்தான் தண்ணி வைக்கணும்.

அடுத்தது கரண்ட். சென்னைல ஹீட்டர் தேவையே இல்ல, நம்ம கஷ்டம் சூடு. கடல் தண்ணி நல்ல தண்ணிய விட கம்மியாதான் ஆக்சிஜன் புடிச்சு வைக்கும், சூடு ஏற ஏற இன்னும் கொறையும், அதனால கரண்ட் போய் தண்ணிய சுத்த விடுற மோட்டார் நின்னா மீன் பசில சாகறதுக்கு முன்னாடி மூச்சு முட்டி செத்துடும். கரண்ட் போனதும் தானா ஓடுற பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு இருக்கு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்ப ரெண்டு நாள் கரண்ட் இல்ல, எங்க வீட்டு மீன் இன்னிக்கு இருக்குன்னா அந்த பம்ப்னாலதான். ஏப்ரல், மே மாசத்துல போறதா இருந்தா தண்ணி மேல காத்து படுற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வைங்க, ரெண்டு மூணு டிகிரி எறங்கும், ஆனா வத்துறதும் கூடும், கேன் கணக்க அதுக்கு ஏத்தாப்ல மாத்திக்கணும்.

இதையெல்லாம் விட அதிகமா மீன கொல்றது நம்ம பாசம்தான். ஒரு தீபாவளிக்கு திருநெல்வேலி போறப்ப பக்கத்து வீட்டு அக்காகிட்ட சாவியும் தீவன டப்பாவும் குடுத்துட்டுப் போனேன். அவங்க நல்ல மனசுல பாவம் பசிக்குமேன்னு வேளா வேளைக்கு போட்டிருக்காங்க. திரும்பி வந்தா தண்ணி பால் மாதிரி இருக்கு, மீன் ரெண்டும் மேல மிதக்குது. மிச்ச தீவனம் அழுகி அம்மோனியா, கடல் தண்ணில காரத்தன்மை அதிகம், அதுல அம்மோனியா இன்னும் விஷம். அவங்க மேல தப்பே இல்ல, டப்பாவ குடுத்தது நான். நல்லா வளர்ந்த மீன் அஞ்சு நாள் சாப்பிடாம இருந்தா ஒண்ணும் ஆகாது சார், குட்டி மீன்னாதான் யோசிக்கணும்.

புதுசா வைக்கிறவங்க தொட்டி செட் பண்ணி நாலுல இருந்து ஆறு வாரம், அந்த அம்மோனியாவ முறிக்கிற பாக்டீரியா வளர விடணும், அதுக்கு முன்னாடி மீனும் வேணாம், லீவும் வேணாம். தண்ணிய மெரினால மொண்டு வந்து ஊத்தாதீங்க, கூவம் வந்து கலக்குற கரை அது, கடல் உப்பு கலவைன்னே தனியா விக்குது. 60 லிட்டருக்கு ரெண்டு க்ளவுன் மீன் (ஆரஞ்சுல வெள்ளக் கோடு போட்ட சின்ன மீன்) போதும், அதுவும் கடல்ல புடிச்சதா இல்லாம ஹாட்சரில, அதாவது குஞ்சு பொரிக்கிற பண்ணைல பொரிச்சதா கேட்டு வாங்குங்க, பரங்கிப்பேட்டைல அண்ணாமலை பல்கலைக்கழக கடல் உயிரியல் மையத்துலயும் மண்டபத்துல மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துலயும் இத தொட்டிலயே இனப்பெருக்கம் பண்ணி காட்டிட்டாங்க.

உங்க படத்துல தொட்டிக்குள்ள ஒரு பவளத்துண்டு இருந்துச்சு. பவளத்தையும் கடல்குதிரையையும் 2001லயே வன உயிரின பாதுகாப்பு சட்டத்துல முதல் அட்டவணைல, அதாவது ரொம்ப கடுமையா பாதுகாக்கிற பட்டியல்ல சேத்துட்டாங்க, நம்ம மன்னார் வளைகுடால இருந்து அத எடுக்கிறது குற்றம். தயவு செஞ்சு அடுத்த வாரம் அத ஒரு வரியாச்சும் திருத்திப் போடுங்க, அந்த 'வாரக்கணக்கு' வரியையும் சேத்து.

நாங்களும் பொங்கலுக்கு அஞ்சு நாள் கிளம்புறோம். அக்காகிட்ட இந்த தடவையும் சாவிதான் குடுக்கப் போறேன், டப்பா பீரோவுக்குள்ள இருக்கும். பம்ப் ஓடுதான்னு மட்டும் தெனம் ஒரு தடவ எட்டிப் பாத்து ஃபோன் பண்றேன்னு சொல்லிருக்காங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
பெரம்பூர், சென்னை.