ஜோன் 22-லிருந்து கூப்பிடப் போகிறவளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்டோபர் கடைசி வாரம் லீவு போட்டுவிட்டேன், சிக்யூ வேர்ல்டு வைடு எஸ்எஸ்பி கான்டெஸ்டை, அதாவது உலகமெங்கும் உள்ள ஹாம் ரேடியோக்காரர்களோடு குரலில் பேசிப் புள்ளி சேர்க்கிற போட்டியை, திருவான்மியூர் மொட்டை மாடியிலிருந்துதான் செய்யப் போகிறேன் என்று நீ சொன்னதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். அச்சடித்து ரிக், அதாவது ரேடியோ பெட்டி, பக்கத்தில் ஒட்டிக்கொள். உன் லைசென்ஸில் இருப்பது இந்த வீட்டு முகவரிதான், அதனால் இடம் மாற்றுகிற வேலை எதுவும் இல்லை. லைசென்ஸ் எத்தனை வாட் அனுமதிக்கிறதோ அதை மட்டும் ரிக்கில் முதலிலேயே செட் செய்து வைத்துவிடு.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மனதில் பதித்துக்கொள். ஐரோப்பாவில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு இந்தியா என்ற நாடு ஒரு மல்டிப்ளையர் (மொத்தப் புள்ளியைப் பெருக்குகிற எண்ணில் ஒன்று கூடும்), போட்டிக்காக உலகத்தைப் பிரித்த பகுதிகளில் நம்முடையதான ஜோன் 22 இன்னொரு மல்டிப்ளையர். அதுவும் 40, 20, 15, 10 மீட்டர் என்று அலைநீளத்தால் பெயர் சொல்கிற ஒவ்வொரு பேண்டிலும் (அலைவரிசைத் தொகுப்பிலும்) தனித்தனியாக. ஜோன் 22 என்பது நாம், இலங்கை, நேபாளம், வங்கதேசம், மாலத்தீவு, பூடான் இவ்வளவுதான். கான்டெஸ்டில் இங்கிருந்து வருகிறவர்கள் குறைவு. ஆகவே டயலைத் திருகி ஒவ்வொருவராகத் தேடிப் பிடிப்பதிலேயே நாள் முழுக்கக் கழிக்காதே. காலியான அலைவரிசை ஒன்றைப் பிடித்து உட்கார்ந்து கூப்பிடு. வருவார்கள். 50 வாட்டிலும் வருவார்கள்.

புள்ளிக் கணக்கைப் பார்த்தால் நேரத்தை எங்கே செலவழிப்பது என்று தானாகப் புரியும். வேறு கண்டத்தோடு பேசினால் 3 புள்ளி. ஆசியாவுக்குள் வேறு நாடு என்றால் 1. இந்தியாவுக்குள் பேசினால் 0, ஆனால் மல்டிப்ளையர் கணக்கில் சேரும். அதனால் ஒவ்வொரு பேண்டிலும் ஒரு இந்திய நிலையத்தோடாவது பேசிவிடு. ஜப்பான்காரர்கள் 300 பேரை எடுத்தால் 300 புள்ளி. ஐரோப்பாக்காரர்கள் 300 பேர் என்றால் 900. காலையில் ஜப்பான் அருவி மாதிரி கொட்டும், கேட்கவே உற்சாகமாக இருக்கும். அதிலேயே தொண்டையைத் தீர்த்துவிட்டு மதியத்துக்கு மேல் சோர்ந்து உட்காருவதுதான் இங்கிருந்து செய்கிறவர்கள் வழக்கமாகப் பண்ணுகிற தப்பு.

கான்டெஸ்ட் நமக்குச் சனிக்கிழமை காலை 5:30-க்கு ஆரம்பித்துத் திங்கள் காலை 5:29-க்கு முடிகிறது. முதல் ஒரு மணி நேரம் சூரியன் எழுகிற நேரம், 40 மீட்டரில் ஐரோப்பா இன்னும் கேட்கும். அங்கேயே தொடங்கு. ஏழு மணிக்கு மேல் 15, 10 மீட்டர்களில் ஜப்பானும் ஆஸ்திரேலியா பக்கமும். ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை பெரும்பாலும் மந்தம், அந்த நேரத்தில் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கு. மதியத்திலிருந்து 10, 15 மீட்டர்களில் ஐரோப்பா திறந்துகொள்ளும். உன் கான்டெஸ்ட் அங்கேதான் இருக்கிறது: பகல் ஒரு மணியிலிருந்து இரவு பதினொரு மணி வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. இருட்டினதும் 20, பிறகு 40. பின்னிரவு இரண்டிலிருந்து நாலரை வரை தூங்கலாம். சூரியனின் செயல்பாடு கூடிக் குறைகிற சுழற்சி 2024-ல் உச்சம் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. 10 மீட்டர் நன்றாக இருக்கிற வருஷங்களில் அதை விட்டுவிடாதே, போனால் திரும்ப ஏழெட்டு வருஷம் ஆகும்.

இனி ஆன்டெனா. நம் மாடிக்கு யாகி (ஒரே திசையைப் பார்க்கிற பல கம்பி ஆன்டெனா) வேண்டாம். டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைத்து இரண்டு பக்கமும் கை மாதிரி கம்பி நீளுகிற ஆன்டெனா, ஒரே நடுமுனையிலிருந்து மூன்று ஜோடிக் கம்பி இறங்குகிற மாதிரி இருந்தால் போதும். மொத்த நீளம் மீட்டரில் வேண்டுமென்றால் 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகு. 40 மீட்டர் பேண்டில் 7.1-க்கு 20.14 மீட்டர், அதாவது ஒரு கைக்கு 10.07. 20-க்கான 14.2-க்கு ஒரு கை 5.04. 10-க்கான 28.5-க்கு ஒரு கை 2.51. எலக்ட்ரிக் கடையில் வீட்டு வயரிங்குக்கு விற்கிற 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிச் சுருளே சரியானது. ஆனால் மேலே பிவிசி உறை இருப்பதால் கணக்கைவிட ரெசனன்ஸ் (ஆன்டெனா இயல்பாக ஒத்திசைகிற அலைவரிசை) இரண்டு மூன்று சதவீதம் கீழே இறங்கும். இன்வர்ட்டட் வியாக, அதாவது தலைகீழ் V வடிவில், இரண்டு கையும் சரிந்து தொங்கும்போது இன்னும் கொஞ்சம் இறங்கும். வெட்டிவிடாதே. நுனியை மடக்கிக் கம்பியோடு கம்பியாகச் சுற்று. முதலில் 40, அப்புறம் 20, கடைசியில் 10 என்ற வரிசையில் சரி செய். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும், அதனால் இரண்டாவது சுற்றும் வர வேண்டியிருக்கும். ஜோடிகளுக்கு நடுவே 20 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அரை இஞ்ச் பிவிசி பைப் துண்டுகளைக் குறுக்கே கட்டு. இல்லாவிட்டால் கடற்காற்றில் கம்பிகள் முறுக்கிக்கொண்டு எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ரிக்கோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) ஒவ்வொரு நிமிஷமும் மாறும்.

கம்பியைக் கிழக்கு மேற்காக இழு. இதில் மட்டும் பிடிவாதமாக இரு. வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக எண்ணினால், சென்னையிலிருந்து மத்திய ஐரோப்பா ஏறத்தாழ 319 டிகிரி, ஜப்பான் 55, அமெரிக்கக் கிழக்குக் கரை 338. எல்லாமே வடக்கை ஒட்டி இரண்டு பக்கமும் விழுகிறது. கிழக்கு மேற்குக் கம்பியின் முதுகு வடக்கைப் பார்க்கும், மூன்றுக்கும் எட்டும். ஐரோப்பாவுக்கு மட்டும் என்று வடகிழக்கு தென்மேற்காகத் திருப்பினால் கம்பியின் நுனி ஜப்பானைக் குத்திக்கொண்டு நிற்கும், அந்தத் திசை செத்துப்போகும். இன்னொரு லாபமும் உண்டு. 40 மீட்டர் ஜோடியே 15 மீட்டரில் ஒன்றரை அலைநீளமாக வேலை செய்யும். அப்போது அதன் கதிர்வீச்சு நாலு இதழ் பூ மாதிரி விரிந்து, கம்பிக்கு 45 டிகிரி அளவில் போகும். நம் விஷயத்தில் அது கிட்டத்தட்ட ஐரோப்பாவும் ஜப்பானும்தான்! 15-க்கான ரெசனன்ஸ் 7.1-இன் மூன்று மடங்கைவிடச் சற்று மேலே விழும், பயப்படாதே, ஆன்டெனாவை ரிக்கோடு பொருத்துகிற டியூனர் ரிக்குக்குள்ளேயே இருக்கிறது, அது சமாளிக்கும்.

நடுமுனைக்கு ஆறு மீட்டர் சவுக்குக் கழி, தண்ணீர்த் தொட்டி ஏணியில் இரண்டு இடத்தில் கட்டி, மூன்று பக்கம் பாலியஸ்டர் கயிறு. நைலான் வேண்டாம், மழையில் நனைந்தால் நீளும், கழி சாயும். ஈபி கம்பியிலிருந்து கழி அப்படியே விழுந்தாலும் தொடாத தூரம் இருக்க வேண்டும். டைபோலின் நுனிகளில்தான் வோல்ட்டேஜ் அதிகம், துணி காயப்போட வருகிறவர்கள் கைக்கு எட்டாமல் இரண்டரை மீட்டருக்கு மேலே கட்டு. அசோசியேஷன் செயலாளரிடம் தேதி சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்.

ரிக்கையும் ஆன்டெனாவையும் இணைக்கிற கேபிள் (கோஆக்ஸ்) தடித்த ஆர்ஜி-213. விலையைப் பார்த்து மெல்லிய ஆர்ஜி-58-க்குப் போனால் 30 மீட்டர் நீளத்தில், 10 மீட்டர் பேண்டில், போட்ட சக்தியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கேபிளுக்குள்ளேயே சூடாகிப் போய்விடும். நடுமுனையில் டைப் 31 ஃபெரைட் வளையத்தில் மெல்லிய கோஆக்ஸை 12 சுற்றுச் சுற்றி சோக் (தடுப்புச் சுருள்) போடு. அது இல்லாவிட்டால் ஆர்எஃப், அதாவது ரேடியோ சக்தி, கேபிளின் வெளிப்பின்னல் வழியாக அறைக்குள் இறங்கி, நீ பேசும்போதெல்லாம் லேப்டாப்பின் யுஎஸ்பி இணைப்பைத் துண்டிக்கும். கனெக்டர், கயிறு, டேப் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், ஃபெரைட் வளையத்தை மட்டும் இப்போதே ஆர்டர் போடு. நம் பக்கம் உப்புக்காற்றில் பிஎல்-259 கனெக்டர் ஒரே மழைக்காலத்தில் பச்சை பிடிக்கும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதா டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்று. ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்று படிந்தால்தான் தண்ணீர் வழிந்து ஓடும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற வாரம் அது. இடி கேட்டால் ரிக்கை அணைப்பது போதாது. கோஆக்ஸைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே விடு. பத்து மல்டிப்ளையர் போனாலும் போகட்டும்.

அடுத்தது நாய்ஸ், சென்னையில் பாதிச் சண்டை இதோடுதான். வியாழக்கிழமையே ரிக்கை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயினை அணைத்துப் பார். இரைச்சல் குறைந்தால் திருடன் நம் வீட்டில். பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டாகப் போட்டுக் கண்டுபிடி: எல்ஈடி பல்பு, இன்வர்ட்டர், வைஃபை அடாப்டர், போன் சார்ஜர். குறையவில்லையென்றால் பக்கத்து வீடு அல்லது லிஃப்ட். தீபாவளி அந்த வாரத்தை ஒட்டி வருகிற வருஷங்களில் பால்கனிகளில் தொங்கும் சீரியல் லைட்டுகளே 40 மீட்டரை மூடிவிடும். கேட்டுக்கொண்டால் இரவு பதினொரு மணிக்கு மேல் அணைப்பார்கள், நானே போய்க் கேட்கிறேன். 40-இல் ராத்திரி இன்னொரு தொல்லை உண்டு. 7.2-க்கு மேலே இருக்கிற ஒலிபரப்பு நிலையங்கள் ரிசீவரை அமுக்கும். சிக்னலைப் பெருக்குகிற ப்ரீஆம்ப்பை அணை, குறைக்கிற அட்டெனுவேட்டரைப் போடு. சிக்னல் சின்னதாகத் தெரியும், ஆனால் தெளிவாகக் கேட்கும்.

கரன்ட் போகும் என்றே வைத்துக்கொள். 100 வாட் ரிக் முழுச் சக்தியில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய வயரில் வோல்ட்டேஜ் விழுந்து குரல் கரகரக்கும். பேட்டரியிலிருந்து ரிக் வரை 6 சதுர மில்லிமீட்டர் வயர், ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம்.

இப்போது மைக் முன்னால் உட்கார்ந்தாயிற்று. அலைவரிசை பிடிக்கும்போது காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை கேள். 14.300, 21.360 இரண்டும் அவசரத் தொடர்புக்கானவை, பக்கத்திலேயே போகாதே. உன் கூப்பாடு நாலு விநாடிக்குள் முடிய வேண்டும், பிறகு மூன்று விநாடி காது. "ஃபைவ் நைன், டூ டூ" (சிக்னல் மதிப்பு 59, உன் ஜோன் 22) என்பதோடு நிறுத்து. "ப்ளீஸ் காப்பி" எல்லாம் வேண்டாம். ஒரு தொடர்புக்கு ஒரு விநாடி என்றாலும் ஆயிரம் தொடர்பில் பதினாறு நிமிஷம்.

கூட்டம் சேர்ந்துவிட்டால் சுவர் மாதிரி ஒரே இரைச்சலாக இருக்கும். முழு கால்சைனுக்காக (நிலையத்தின் அடையாளப் பெயருக்காக) காத்திராதே. காதில் விழுந்த இரண்டு மூன்று எழுத்தைப் பிடி. DL5 என்று விழுந்தால் "டெல்டா லிமா ஃபைவ், ஃபைவ் நைன் டூ டூ" என்று சொல். அவர் முழுசாகத் திருப்பிச் சொல்வார். அதைத் திருத்தி எழுதியதும், முடிக்கும்போது திருத்திய கால்சைனை ஒருமுறை வாய்விட்டுச் சொல். சொல்லாவிட்டால் தன்னைச் சரியாக எடுத்தாயா என்று அவருக்குத் தெரியாது, மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். டெல்டா லிமாவைக் கூப்பிட்டபின் வேறு யார் எவ்வளவு கத்தினாலும் அவரை முடிக்காமல் விடாதே. சத்தம் போட்டவருக்கு ஒருமுறை பதில் கொடுத்தால் கூட்டம் முழுவதும் சத்தம் போடக் கற்றுக்கொள்ளும், அதன் பிறகு அதை அடக்க முடியாது. கொஞ்சம் தள்ளிக் கூப்பிடுகிறவரை, கேட்கிற அலைவரிசையை மட்டும் நகர்த்துகிற ஆர்ஐடியில் தேடு, பெரிய டயலைத் தொடாதே. முடிக்கும்போது "தேங்க் யூ" சொல்லி உன் கால்சைனைச் சொல், அதுவே அடுத்தவருக்கு அழைப்பு.

மைக் கெயினை ஏற்றிக் கம்ப்ரஸரை (குரலின் ஏற்றத்தாழ்வைச் சமமாக்குகிற வசதியை) திருகினால் சக்தி கூடின மாதிரி மீட்டர் ஆடும். உண்மையில் குரல் சிதைந்து பக்கத்து அலைவரிசைகளில் சிதறும், உன் கால்சைனும் புரியாது. சீலிங் ஃபேன் சத்தம் மைக்கில் ஏறும், டேபிள் ஃபேனை முதுகுப் பக்கம் வை.

லாகுக்கு, அதாவது பேசினவர்களின் பதிவேட்டுக்கு, என்-ஒன்-எம்-எம் சாஃப்ட்வேர் போதும். கம்ப்யூட்டர் கடிகாரம் யூடிசியோடு (உலகப் பொது நேரத்தோடு) ஒத்துப்போகிறதா என்று பார். என்-ஒன்-எம்-எம் கால்சைனை வைத்து ஜோனைத் தானே நிரப்பும், அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அமெரிக்காவில் ஜோன் 3, 4, 5 எதுவும் இருக்கலாம். கால்சைனில் இருக்கும் எண் ஒன்று, ஆள் குடியிருக்கும் இடம் வேறு. ரஷ்யாவிலும் அப்படியே. காதில் விழுந்ததை எழுது. போட்டி நடத்துகிறவர்கள் எல்லா லாகையும் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள். கால்சைனில் ஒரு எழுத்துத் தப்பினால் அந்தப் புள்ளியும் போகும், அதற்கு மேல் அபராதமும் உண்டு. இரண்டு தடவை கேட்டுச் சரியாக எழுத ஐந்து விநாடி ஆனால் ஆகட்டும். ஒருவரோடு இரண்டாவது தடவை பேசிவிட்டாலும் லாகிலிருந்து அழிக்காதே, அதற்கு அபராதம் கிடையாது.

பெரிய டவர் வைத்திருக்கிறவர்களைப் பார்த்து மனம் சுருங்காதே. 1990-ல் சியாட்டிலில் தொடங்கிய உலக ரேடியோ விளையாட்டு அணிப் போட்டியில் இப்போதெல்லாம் எல்லா அணிக்கும் ஒரே மாதிரி ஆன்டெனா, ஒரே சக்தி வரம்புதான் கொடுக்கிறார்கள். 2018-ல் ஜெர்மனியில் கூடாரத்துக்குள் உட்கார்ந்துதான் செய்தார்கள். அப்போதும் முதல் அணிக்கும் கடைசி அணிக்கும் பெரிய வித்தியாசம் வருகிறது. அது காதுக்கும் விரலுக்கும் உள்ள வித்தியாசம். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்த பாரதி பிரசாத் குழு, அன்றே அதை அவசரத் தொடர்பு நிலையமாக மாற்றியது. கூட்டத்தின் இரைச்சலுக்குள் ஒரு பெயரைப் பிசகாமல் எடுத்து எழுதுகிற பழக்கம் அந்த மாதிரி நாளில்தான் முழுசாக உதவுகிறது.

லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷத்துக்குள் என்பதால் ரூக்கி (புதியவர்) பிரிவும் உனக்கு உண்டு, லாக் அனுப்பும்போது அதைக் குறிக்க மறக்காதே. முடிந்த பிறகு ஐந்து நாள்தான் அவகாசம், நம் நேரப்படி சனிக்கிழமை விடியற்காலை 5:29. நீ புனேவுக்குத் திரும்புகிற ரயிலில் நெட்டை நம்பாமல் திங்கட்கிழமையே அனுப்பிவிட்டுக் கிளம்பு.

உன் பழைய ஹெட்போனையே கொண்டு வா, புதிது வாங்காதே, முப்பது மணி நேரம் காதில் இருக்கப்போகிற பொருள். புதன்கிழமை வந்து சேர்ந்தால் நல்லது. வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் கழி ஏறியிருக்க வேண்டும். அப்பா கயிறு பிடிக்கிறேன் என்கிறார்.

அன்புடன்,
அம்மா