எங்கள் ரயிலடியை நாங்கள் கைவிடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரங்கம்பாடி பற்றிய சென்ற இதழ்ப் பயணக் கட்டுரை, மயிலாடுதுறையிலிருந்து அங்கே ஓடிய ரயிலை "மக்கள் ஆதரவில்லாததால் நின்றுபோனது" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறது. டேனிஷ் கோட்டைக்கு இரண்டு பக்கம் ஒதுக்க முடிந்த தாங்கள், அறுபது ஆண்டுகள் ஓடிய ரயிலைப் பற்றி ஊர்க்காரர் ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம் என்பதே என் வருத்தம்.

மீட்டர் கேஜ் பாதையான அது 1926-இல் திறக்கப்பட்டு 1986-இல் மூடப்பட்டது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று அது தொட்டுச் சென்ற வழியில்தான் எங்கள் ஊர் ரயிலடியும் இருந்தது. ஆதரவில்லை என்கிறீர்களே, மாயவரத்துக்குப் படிக்கப் போன காலத்தில் நான் பாதி நாள் படியில் நின்றுதான் போயிருக்கிறேன். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் மணி அடித்ததும், வயல் வரப்பில் வந்துகொண்டிருப்பவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருவார்கள். கெட்டி அட்டைச் சீட்டில் தேதி குத்தும் 'டக்' என்ற ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. முகூர்த்த நாளென்றால் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்குப் போகும் குடும்பங்கள் மாலையும் தட்டுமாகப் பெட்டியை அடைத்துக்கொள்ளும். அந்த முகங்களையெல்லாம் ஆளில்லா ரயிலின் கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

தரங்கம்பாடிக்கு இது புதிய இழப்பும் அல்ல. 1845-இல் டேனியர் அதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் இந்தத் துறைமுகத்தின் வணிகம் அங்கே போய்விட்டது. அறுபத்தைந்து ஆண்டு கழித்துக் கிடைத்த ரயிலும் நிலைக்கவில்லை. பக்கத்தில், 1987-இல் மூடப்பட்ட பேரளம்–காரைக்கால் தடம் அகலப் பாதையாக மீண்டும் எழுந்துவிட்டது. அதில் எனக்குப் பொறாமை இல்லை, மகிழ்ச்சிதான். ஆனால் எங்கள் பாதையைக் கேட்டு நானும் ஊர்ப் பெரியவர்களும் ஓர் அலுவலகத்துக்கு எழுதிய மனுக்களுக்கு ஒரு வரிப் பதிலும் வந்ததில்லை. இப்போது குற்றமும் எங்கள் தலையில் ஏறியிருக்கிறது.

வரலாறு அறிந்தவர் தாங்கள் என்பதால் அதிகம் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, 1926, 1986 என்ற இரண்டு ஆண்டுகளையும் வழியிலிருந்த ஊர்களின் பெயர்களையும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்த ரயிலில் போய்ப் படித்த ஒரு வாசகர்