வாட்ஸ்அப் குழுவைத் திறக்குமுன் போதகர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு சபை உடையப் போகிறதென்றால் அது முதலில் வாட்ஸ்அப்பில்தான் தெரியும். போதகரும் மூப்பர்களும் இல்லாத இரண்டாவது குழு ஒன்று முளைத்திருக்கும். அதில் அரை நிமிட வீடியோத் துண்டு ஒன்று சுற்றும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்தப் பக்கம் பத்துக் குடும்பம், அந்தப் பக்கம் பத்துக் குடும்பம் என்று ஆகிவிடும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் போன்ற இடங்களில் உறவும் சபையும் பின்னிக் கிடப்பதால், சபை பிரிந்தால் கல்யாண வீடும் இழவு வீடும் சேர்ந்தே பிரிகின்றன. பெரியப்பாவின் அடக்க ஆராதனையை எந்தப் பாஸ்டர் நடத்துவது என்று பிரேதத்தை வைத்துக்கொண்டு வாதாடும் நிலைக்குக் குடும்பங்கள் வந்துவிடுகின்றன.

தவறான போதனையைக் கண்டும் காணாமல் இருங்கள் என்று யாருக்கும் நாங்கள் சொல்ல மாட்டோம். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்கள் என்பதுதான் எங்கள் கவலை.

முதல் வேலை தரம் பிரிப்பது. இயேசு கிறிஸ்துவின் தெய்வத்துவம், சிலுவை மரணம், உயிர்த்தெழுதல், கிருபையினால் கிடைக்கும் இரட்சிப்பு, திரித்துவம் ஆகியவை அஸ்திபாரம். இவற்றில் ஒன்றை மறுத்தால் அது கள்ள உபதேசம். 325இல் நிசேயா நகரில் ஆயர்கள் கூடியது கிறிஸ்துவின் தெய்வத்துவம் என்ற இப்படிப்பட்ட ஒரு காரியத்துக்காகத்தான். குழந்தை ஞானஸ்நானமா முழுக்கு ஞானஸ்நானமா, அந்நிய பாஷை பேசும் வரம் இன்றைக்கும் உண்டா என்பவை அடுத்த தரம். இவற்றில் சபைக்குச் சபை நிலைப்பாடு வேறுபடும். ஒரே சபையில் இரண்டையும் போதிப்பது கடினம்தான், ஆனாலும் எதிர்த்தரப்பைக் கள்ளத் தீர்க்கதரிசி என்று சொல்ல முடியாது. தாலி, பூ, பொட்டு, பழைய திருப்புதலா புதிய மொழிபெயர்ப்பா, இளையோருக்கு ஆங்கில ஆராதனை வேண்டுமா என்பவை மூன்றாம் தரம். நம் சபைகளில் மூன்றாம் தரத்துச் சண்டைதான் பெரும்பாலும் அஸ்திபாரச் சண்டையின் வேஷத்தில் வருகிறது.

இது நமக்குப் புதிதும் அல்ல. மலாயாவுக்கு வந்த பல குடும்பங்களின் பூர்வீகமான திருநெல்வேலியில், 1835இல் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயரைச் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) சங்கம் விலக்கியபோது சபைகள் இரண்டுபட்டன. உள்ளூர் உபதேசியார்களுக்கு எந்த முறைப்படி குருப்பட்டம் கொடுப்பது, ஆங்கிலத் திருச்சபையின் ஒழுங்குகள் சரியா என்பதுதான் வழக்கு. கிறிஸ்து யார் என்பதில் இரு தரப்புக்கும் வேற்றுமையே இல்லை.

அஸ்திபாரக் காரியம்தான் என்று உறுதியானால், அடுத்து ஆதாரம். முழுப் பிரசங்கத்தையும் கேளுங்கள். எந்தத் தேதி, எத்தனையாவது நிமிடம், சரியாக என்ன வார்த்தை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அவர் காட்டிய வசனத்தோடு நிற்காமல் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். ‘விதைப்புக் காணிக்கை’யை எடுத்துக்கொள்வோம். 100 வெள்ளி (ரிங்கிட்) விதைத்தால் 10,000 வெள்ளி அறுப்பாய் என்பதற்கு மாற்கு 10:30இல் வரும் ‘நூறத்தனை’யைக் காட்டுவார்கள். அந்த வாக்கியத்தின் நடுவிலேயே ‘துன்பங்களோடேகூட’ என்று இருக்கிறது. மேடையில் அந்தச் சொல் மட்டும் காணாமல் போகும். மேலும், அங்கே நூறு மடங்காகக் கிடைப்பவற்றில் தாய்மாரும் சகோதரரும் பிள்ளைகளும் உண்டு. ஒரு தாயை விட்டுவந்தவனுக்கு நூறு தாய்மார் கிடைப்பது சபை என்ற குடும்பத்தில்தானே? பாங்கிக் கணக்கில் அதை எப்படி வரவு வைப்பது? இந்தக் கணக்கை நம்பி இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, முதுமையில் பிள்ளைகளிடம் கையேந்தும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

ஆதாரம் கையில் வந்த பிறகு, போதித்தவரிடமே நேரில் போங்கள். அப்பொல்லோ அரைகுறையாகப் போதித்தபோது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தனியே சேர்த்துக்கொண்டு திட்டமாய் விளக்கினார்கள் (அப். 18:26). அவரும் ஏற்றுக்கொண்டார். குற்றச்சாட்டாக இல்லாமல் கேள்வியாகப் போங்கள்: “பாஸ்டர், இந்த வசனத்தில் ‘துன்பங்களோடேகூட’ என்பதை எப்படி விளக்குவீர்கள்?” வாய்தவறிச் சொன்னவர் அங்கேயே திருத்திக்கொள்வார். தெரிந்தே புரட்டுகிறவர் கோபப்படுவார், அல்லது பேச்சை உங்கள் கீழ்ப்படியாமையின் பக்கம் திருப்புவார். இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போங்கள். உங்கள் மைத்துனரையும் நெருங்கிய சிநேகிதரையும் தவிர்த்து, இரு தரப்பும் மதிக்கிறவரைத் தேர்ந்தெடுங்கள். மூப்பர்மேல் வரும் பிராதுக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5:19 கேட்பதும் இதைத்தான். அதற்குப் பிறகுதான் சபைக் கமிட்டி. அதற்கும் மேலே மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளுக்குப் பேராயர் இருக்கிறார். தனிச் சபைகளில் மேலே யாரும் இல்லை என்பதால், வெளியிலிருந்து இருவருக்கும் பொதுவான ஒரு மூத்த போதகரை அழைக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

முதலில் தனியே போய்ச் சொல் என்கிற மத்தேயு 18:15 ஒருவருக்கொருவர் செய்யும் குற்றத்தைப் பற்றியது. பலர் முன்னிலையில் திரும்பத் திரும்பப் போதிக்கப்படும் தவறு பலர் முன்னிலையில்தான் திருத்தப்பட வேண்டும். அந்தியோகியாவில் பவுல் பேதுருவை ‘எல்லாருக்கும் முன்பாக’க் கண்டித்தார் (கலா. 2:14). ஆகவே “நீ ஏன் தனியாக வந்து சொல்லவில்லை?” என்பதையே சாக்காக வைத்து ஒரு போதகர் மாதக்கணக்கில் தப்பிக்க முடியாது. ஒன்று இரண்டு முறை புத்தி சொல்லியும் கேளாத வேதப்புரட்டனை விட்டு விலகு என்று தீத்து 3:10 எல்லையும் போட்டிருக்கிறது.

‘நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே’ என்று வாயடைக்கும் பழக்கம் நம் தமிழ்ச் சபைகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. அந்த வசனம் சங்கீதம் 105:15. ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் பரதேசிகளாய் அலைந்தபோது அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்குச் சொன்ன வார்த்தை அது. கேள்வி கேட்கும் விசுவாசிக்குச் சொன்னதல்ல. பவுலின் பிரசங்கத்தையே வேதத்தோடு ஒத்துப்பார்த்த பெரோயா பட்டணத்தாரை நற்குணசாலிகள் என்றுதான் அப்போஸ்தலர் 17:11 சொல்கிறது.

இந்தப் படிகளுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாத காரியங்களும் உண்டு. விசுவாசம் இருந்தால் இன்சுலினை நிறுத்து என்று யாராவது சொன்னால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இன்சுலின் மட்டுமே துணையாக இருக்கிறவருக்குச் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. தன் உடன் ஊழியரான லூக்கா வைத்தியர் என்பதைப் பவுல் மறைக்கவில்லை. பிள்ளைகள்மேல் பாலியல் அத்துமீறல் என்றால் நேராகப் போலீஸ். மலேசியாவின் 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். அதைச் ‘சபைக்குள் பேசித் தீர்க்க’ எந்தக் கமிட்டிக்கும் அதிகாரம் கிடையாது.

பணம் பற்றிய கேள்விக்கு ஆவிக்குரிய விவாதமே தேவையில்லை. டூயிட்நவ் என்ற மின்பணப் பரிமாற்ற வசதியில் காணிக்கை அனுப்புமுன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். சபையின் பெயரா, தனி ஆளின் பெயரா? சங்கப் பதிவிலாகாவில் பதிந்த சபையென்றால் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் போய்ச் சேர வேண்டும். அதன் நகலை உறுப்பினர் கேட்பது நியாயமே. நிறுவனமாகப் பதிந்திருந்தால், சபையாருக்கு வாக்குரிமை இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடம் யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சண்டை வந்த பிறகு தேடினால் வழக்கறிஞருக்குத்தான் வேலை.

எல்லாம் செய்தும் திருந்தவில்லை, போயே ஆக வேண்டும் என்றால், போகும் முறை ஒன்று இருக்கிறது. கமிட்டியிடம் நேரில் காரணம் சொல்லி, அங்கத்துவ மாற்றுக் கடிதம் கேளுங்கள். சாவி, கணக்குப் புத்தகம், ஞாயிறு பள்ளிப் பதிவேடு எல்லாவற்றையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த வாரமே அதே தாமானில் (குடியிருப்பில்) மாடிக் கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பழைய சபையார் வீடுவீடாகப் போய் ஆள் சேர்க்காதீர்கள். போனவர்களைப் பிரசங்க பீடத்திலிருந்து குத்திப் பேசுவதை இருப்பவர்களும் நிறுத்த வேண்டும். ‘சத்துருவாக எண்ணாமல், சகோதரனாக எண்ணி’ என்று 2 தெசலோனிக்கேயர் 3:15 சொல்வது ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவனைப் பற்றித்தான்.

போதித்தவர் மனந்திரும்பினால் என்ன செய்வது என்பதைப் பல சபைகள் யோசிப்பதே இல்லை. தவறாகப் போதித்த அதே இடத்தில், அதே மைக்கில், எது தவறு என்று பெயர் சொல்லி அவர் திருத்த வேண்டும். ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்ற மழுப்பல் போதாது. பழைய வீடியோவை நீக்க வேண்டும். கமிட்டி குறித்த காலம்வரை போதிக்காமல் சபையாரோடு பெஞ்சில் உட்கார வேண்டும். அந்தக் காலத்தில் யாராவது ஒரு மூப்பர் வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய் வர வேண்டும். துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று 2 கொரிந்தியர் 2:7 கட்டளையிடுவது சபையாருக்கு.

இப்படிக்கு,
வேதபாட ஆசிரியர்கள் சிலர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.